தேன் கெடாது என்பது எதுவரை? ரப்பர் தேன் புளிப்பு, தேன் நெல்லி, குழந்தைக்குச் சேனை

#1 – குழித்துறைப்பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். ரப்பர் தளிர்விடும் பருவத்தில் அடுக்குத் தேனீப் பெட்டியிலிருந்து எடுத்த தேன். 25 கிலோ ஒரு டின்னில், மீதி அரைக்கிலோ கண்ணாடிப் பாட்டில்களில். ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளிவிலகலை வைத்துத் தேனின் ஈரத்தை அளக்கும் கைக்கருவி) ஈரப்பதம் 24 சதவீதம் காட்டுகிறது. மூன்று பாட்டிலில் மூடியைத் திருகினால் சோடா மாதிரி 'புஸ்' என்று காற்று வெளியேறுகிறது. மேலே ஒரு விரற்கடை வெள்ளை நுரை, நாக்கில் லேசான புளிப்பு. டின் இன்னும் நன்றாக இருக்கிறது.

கேள்வி இரண்டு. டின்னை எப்படிக் காப்பாற்றுவது? அடுத்தது, பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கவென்றே (நாக்கில் முதன்முதலாகத் தேன் தொட்டு வைக்கும் சடங்கு) சிலர் தேன் கேட்டு வருகிறார்கள். டின் தேனைக் கொடுக்கலாமா, இல்லை காய்ச்சிக் கொடுக்கவா?

#2 – குழந்தைப்பிரிவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதில் பேரமே இல்லை. ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளியும் கூடாது. புளித்த தேன், புளிக்காத தேன், மலைத்தேன், கம்பெனித் தேன், காய்ச்சிய தேன் எதுவும் கூடாது.

காரணம் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் ஸ்போர். மண்ணிலும் தூசியிலும் இருக்கிற, உறங்கும் வித்து அது. தேனீ காலோடும் காற்றோடும் தேனுக்குள் வரும். தேனின் கெட்டிச் சர்க்கரையில் அது முளைக்காது, சாகவும் சாகாது. பெரியவர் வயிற்றில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் அதற்கு இடம் கொடுக்காது, அப்படியே வெளியேறிவிடும். கைக்குழந்தையின் குடலில் அந்தக் கூட்டம் இன்னும் சேரவில்லை. ஸ்போர் அங்கேயே முளைத்து நஞ்சைச் சுரக்கும். நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தியை அந்த நஞ்சு தடுத்துவிடும். இதைத் தனி நோயாக 1976-ல் கலிஃபோர்னியாவில்தான் முதலில் கண்டறிந்தார்கள்.

காய்ச்சினாலும் பயன் இல்லை. 100 டிகிரியில் மணிக்கணக்காகக் கொதித்தாலும் தாங்கும் வித்து இது. அழிக்க 121 டிகிரியில் 3 நிமிடம் வேண்டும், அதாவது அழுத்தத்தில். அந்தச் சூட்டில் தேன் கருகிப் பாகாகிவிடும். புண்ணுக்குப் போடும் மருத்துவத் தேனை காமா கதிரில் வைத்துத்தான் ஸ்போர் நீக்குகிறார்கள்.

#3 – தீக்குச்சி

நல்ல தேன் என்றால் எதுவும் வராது. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் உட்காரும், தீக்குச்சியை நனைத்து உரசினால் பற்றும். அப்படிச் சோதித்துப் பார்த்துக் கொடுத்தால் போதுமே?

#4 – நீர்ச்செயல்

தீக்குச்சிச் சோதனை, கட்டைவிரல் சோதனை, எறும்பு சோதனை, நாய் நக்காது என்கிற சோதனை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போடுங்கள் நண்பரே. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில் போய்த்தான் உட்காரும். தீக்குச்சி பற்றினால் தேனில் ஈரம் குறைவு என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும், அவ்வளவுதான். ஸ்போரைக் கண்ணாலும் நாக்காலும் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஈரம், சுக்ரோஸ், எச்எம்எஃப் (சூடுபட்டால் தேனில் கூடும் ஒரு பொருள்) பார்க்கும் வழக்கமான லேப் ரிப்போர்ட்டிலும் அது வராது. 'லேப் டெஸ்ட் பண்ணிய தேன்' என்பதால் கைக்குழந்தைக்குப் பாதுகாப்பு என்று ஆகிவிடாது.

குழித்துறை நண்பருக்கு: 24 என்பது நிஜமாகவே 24-ஆ என்று முதலில் பாருங்கள். அளக்கும்போது அறை எத்தனை டிகிரி?

#5 – குழித்துறைப்பெட்டி

தகர ஷீட் கூரை, மத்தியானம். 35-36 இருக்கும். கருவியில் ஏடிசி என்று எழுதியிருக்கிறது.

#6 – நீர்ச்செயல்

அங்கேதான் சிக்கல். ஏடிசி, அதாவது தானாக வெப்பத்தைச் சரிக்கட்டும் வசதி, பெரும்பாலான கைக்கருவிகளில் 10 முதல் 30 டிகிரி வரைதான் வேலை செய்யும். தேன் சூடாக இருந்தால் ஒளிவிலகல் குறையும், கருவி அதை 'ஈரம் அதிகம்' என்று படிக்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.09 சதவீதம். ஏடிசி இல்லாத கருவியில் 30 டிகிரியில் அளந்தால், 20 டிகிரிக்குரிய அளவைவிடக் கிட்டத்தட்ட 0.9 கூடுதலாகக் காட்டும்.

விடிகாலையில் அளங்கள். தேனும் கருவியும் ஒரே மேசையில் அரைமணி நேரம் இருக்கட்டும். டின்னை அடிவரை கிளறிவிட்டு எடுங்கள். மேல்தேன் எப்போதும் நீர்த்திருக்கும், அடித்தேன் கெட்டி. கண்ணாடியில் இரண்டு சொட்டு, மூடி அழுத்தி, குமிழி இல்லாமல் பரவ விடுங்கள். நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு கத்தி மாதிரி விழவேண்டும். கோடு மங்கலாக, பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே சீனி கட்டியிருக்கிறது, அந்த எண்ணை நம்பக்கூடாது. சிறு பாட்டிலில் மூடி, 40 டிகிரித் தண்ணீரில் வைத்து முழுக்கக் கரைத்து, ஆறவிட்டு மறுபடி அளங்கள்.

#7 – அடுக்குத்தேன்

தம்பி, கருவி ஒரு பக்கம் இருக்கட்டும். ரப்பர் தேன்ல ஈரம் ஜாஸ்திதான், அது உன் தப்பு இல்ல. பூவுல எடுக்கிறது இல்ல, தளிர் இலைக்காம்புல ஊறுற மது. வரத்து கொட்டும், தேனீ விசிறி வத்த வைக்கிறதுக்குள்ள அடை நெறஞ்சுடும். அவசரப்பட்டு எடுத்தா 23, 25ன்னு நிக்கும். சட்டத்துல முக்கால்வாசி அறையாவது மெழுகு மூடி போட்டிருக்கணும், அதுக்கப்புறம் எடு. மூடாத சட்டத்தைப் படுக்கையாப் புடிச்சு ஒரு உதறு உதறு. சொட்டு தெறிச்சா இன்னும் பச்சை, திருப்பி வை.

புழு அறையைத் தொடாதே. புழுவும் மகரந்தமும் சேர்த்துப் பிழிஞ்ச தேன் ஒரு மழைக்குத் தாங்காது. காட்டுல அடையோட கசக்கிப் பிழியிற தேன் சீக்கிரம் புளிக்கிறதுக்கு இதுதான் காரணம்.

#8 – நீர்ச்செயல்

அண்ணன் சொன்னதோடு எண்களைச் சேர்க்கிறேன். தேனைப் புளிக்க வைப்பது பாக்டீரியா இல்லை, சர்க்கரையை விரும்பும் ஈஸ்ட். எல்லாத் தேனிலும் அது உண்டு. ஈரம் 17.1-க்குக் கீழே இருந்தால் எவ்வளவு ஈஸ்ட் இருந்தாலும் புளிக்காது. 18 வரை, கிராமுக்கு 1000-க்குள் ஈஸ்ட் இருந்தால் தாங்கும். 19 வரை போனால் கிராமுக்கு 10-க்கு மேல் இருக்கக்கூடாது, நடைமுறையில் அது நடக்காத காரியம். அதற்கு மேலே எப்போது புளிக்கும் என்பதுதான் கேள்வி. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியில் ஈரத்துக்கு உச்சவரம்பு 20. பழைய பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரத்தில் மூன்றாம் தரத்துக்கு 25 வரை விட்டிருந்தார்கள். '25 வரை பரவாயில்லை' என்ற பேச்சு ஊரில் இன்னும் ஓடுவது அதனால்தான்.

சீனி கட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் தேன் சீக்கிரம் கட்டிவிடும். அது கலப்படம் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனால் குளுக்கோஸ் கட்டியாகும்போது தன்னோடு இருந்த நீரை வெளியே விட்டுவிடும். கட்டிக்கு மேலே நிற்கும் தண்ணித் தேனில் ஈரம் இரண்டு மூன்று சதவீதம் ஏறும், நுரை அங்கேதான் தொடங்கும். பாதி கட்டிய பாட்டிலைக் கிளறாமல் வைக்காதீர்கள்.

காற்றும் பார்க்கவேண்டிய விஷயம். 60 சதவீத ஈரக்காற்றில் திறந்து வைத்த தேன் 18.3-ல் நிற்கும். காற்று 70 ஆனால் தேன் 24 வரை நீரை இழுக்கும், 80 ஆனால் 33. தென்மேற்கு மழைக்காலத்தில் துணி கட்டி வைத்த தேன் டின் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

#9 – குழித்துறைப்பெட்டி

அப்போ டின்னை அடுப்பில் வைத்துத் தண்ணியை வற்ற வைத்தால்?

#10 – அடுக்குத்தேன்

வேண்டவே வேண்டாம். நேரடித் தீயில அடி கருகும், மேல சூடே ஏறாது. பெரிய பாத்திரத்துல தண்ணி, உள்ள கட்டை வச்சு அதுமேல தேன் பாத்திரம், அடி படக்கூடாது. முதல்ல 45 வரை சூடாக்கி மெல்லிசுத் துணியில வடி, மெழுகுத் துணுக்கும் மகரந்தமும் போகட்டும். அப்புறம் தெர்மாமீட்டரைத் தேனுக்குள்ள வச்சு 63-65க்குக் கொண்டுபோ. கிளறிக்கிட்டே இரு. 10 நிமிஷம் நிறுத்து, இறக்கு, பாத்திரத்தைப் பச்சைத் தண்ணியில வச்சு மளமளன்னு ஆத்து. சூட்டோட பாட்டில்ல ஊத்தி அட்டைப்பெட்டியில அடுக்கினா ராத்திரி பூரா வெந்துக்கிட்டே இருக்கும்.

இது ஈஸ்ட்டைக் கொல்ற வேலை மட்டும்தான். ஈரம் இறங்காது.

#11 – நீர்ச்செயல்

ஈஸ்ட் சாக 60 டிகிரியில் 22 நிமிடம், 63-க்குப் பக்கத்தில் ஏழரை நிமிடம், 71-ல் அரை நிமிடத்துக்கும் குறைவு. அண்ணன் சொன்ன 10 நிமிடம் சரியான கணக்கு.

ஈரம் இறக்க இரண்டு வழி. வெற்றிடத்தில் ஈரம் வாங்கும் யூனிட் இருக்கும் இடத்தில் கூலிக்குக் கொடுப்பது ஒன்று. இல்லையென்றால் சிறிய அறையை அடைத்து டிஹ்யூமிடிஃபயர் போட்டு, காற்றின் ஈரத்தை 45-க்குக் கீழே கொண்டுவந்து, அகலத் தட்டுகளில் 2 செ.மீ. உயரத்துக்குமேல் போகாமல் தேனை ஊற்றி, மின்விசிறி வைத்து, அவ்வப்போது கிளறுவது. அறை 33-35 டிகிரி இருந்தால் வேலை ஓடும். ஏசி அறையில் தேன் இறுகி மேலே ஆடை மாதிரி நிற்கும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும்.

எவ்வளவு நீர் போகவேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 25 கிலோவில் ஈரம் 23 என்றால் திடப்பொருள் 19.25 கிலோ. அதை 0.81-ஆல் வகுத்தால் 23.77 கிலோ. தராசில் 1.23 கிலோ குறைந்தால் 19-க்கு வந்துவிட்டது. ரிஃப்ராக்டோமீட்டரும் தராசும் ஒரே கதை சொல்லவேண்டும்.

#12 – சித்தவழி

ஐயா, தேனைச் சூடாக்கினால் நஞ்சு என்று நம் மருத்துவம் சொல்கிறது. 63 டிகிரி என்று கூசாமல் சொல்கிறீர்கள். குழந்தைப்பிரிவு மேடமுக்கும் ஒரு கேள்வி. தலைமுறை தலைமுறையாகச் சேனை வைத்தோம், உரை மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தோம். எத்தனை குழந்தைக்கு இந்த நோய் வந்தது?

#13 – நீர்ச்செயல்

சூடு பற்றிய கவலை நியாயமானதே ஐயா, அளவைத்தான் பார்க்கவேண்டும். சூட்டில் தேனில் எச்எம்எஃப் என்ற பொருள் கூடும். வெப்ப நாட்டுத் தேனுக்கு கிலோவுக்கு 80 மி.கி. வரை அனுமதி. பச்சைத் தேன் 40 மி.கி.யை எட்ட 70 டிகிரியில் 5 முதல் 14 மணி நேரம், 60-ல் ஒன்று முதல் இரண்டரை நாள், 50-ல் 4 முதல் 10 நாள், 40-ல் 20 முதல் 50 நாள் ஆகும். 63-ல் பத்து நிமிடம் வைத்து உடனே ஆற்றினால் ஒன்றும் பெரிதாக ஏறாது. 'சூடே காட்டாத சுத்தத் தேன்' என்று தகரக் கொட்டகையில் இரண்டு கோடை மாதம் டிரம்மில் கிடக்கிறதே, அதில்தான் ஏறும்.

#14 – குழந்தைப்பிரிவு

ஐயா, நோய் அரிதானதுதான், அதை மறைக்கவில்லை. சேனை வைத்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு தேனிலும் ஸ்போர் இருப்பதும் இல்லை. தேனே தொடாத குழந்தைக்கும் தூசியிலிருந்து வருவதுண்டு. ஆனால் இதை உறுதிசெய்ய மலத்தில் நஞ்சைத் தேடும் சிறப்புச் சோதனை வேண்டும், அது எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் கிடையாது. 'எங்கள் ஊரில் வந்ததே இல்லை' என்பதை எடைபோடும்போது அதையும் நினைவில் வையுங்கள். தூசியை நம்மால் தடுக்க முடியாது, தேனைத் தடுக்கலாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் பதற வேண்டாம், வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். 3 முதல் 30 நாள் வரை கவனியுங்கள். பெரும்பாலும் மலச்சிக்கலில்தான் தொடங்கும், குழந்தை மூன்று நாளுக்குமேல் மலம் கழிக்காது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிறகு பால் சப்பும் வலு குறையும், கடைவாயில் பால் வழியும். வீறிட்டு அழுத குழந்தை பூனைக்குட்டி மாதிரி முனகும். இமை பாதி மூடியே இருக்கும், முகத்தில் சிரிப்போ சுளிப்போ இராது. தூக்கினால் தலை துணிப்பொம்மை மாதிரித் தொங்கும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, அதனால்தான் வீட்டில் தாமதமாகிறது. தளர்ச்சி முகத்திலிருந்து கீழே இறங்கி மூச்சுத் தசைக்குப் போகும். மலச்சிக்கலோடு இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் 'தேன் கொடுத்தோம்' என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் இந்தத் தளர்ச்சியைக் கூட்டும், அதனால் அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையையே மாற்றும்.

கேட்கப்போகும் கேள்விகளுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பால் கொடுக்கும் தாய் தேன் சாப்பிடலாம், பாலில் ஸ்போர் வராது. கர்ப்பிணியும் சாப்பிடலாம். ஆனால் குழந்தை வாய் வைக்கவேண்டுமென்று மார்க்காம்பில் தடவக்கூடாது, சூப்பானில் தொட்டுக் கொடுக்கக்கூடாது. தேன் சேர்த்துச் சுட்ட பிஸ்கட், தேன் கலந்த சத்துமாவுக் கஞ்சி, இருமலுக்குத் துளசிச் சாறும் தேனும் எல்லாமே ஒரு வயதுக்குப் பிறகுதான்.

சேனையை எப்படி விடுவது என்று கேட்கும் குடும்பங்களுக்கு ஒரு வழி: சுத்தமாகக் கழுவிக் கொதிக்கவைத்த பாலாடையில் (குழந்தைக்குப் பால் புகட்டும் சிறு கிண்ணம்) தாயின் சீம்பால் இரண்டு சொட்டு பீய்ச்சி, வீட்டுப் பெரியவர் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதையே புகட்டட்டும். சடங்கும் நடந்தது, குழந்தைக்குக் கிடைக்கவேண்டியதும் கிடைத்தது. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான்.

#15 – சித்தவழி

சீம்பால் யோசனையை ஏற்கிறேன். தேன் அனுபானம், அதாவது மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். எச்எம்எஃப் பற்றி இன்னும் படிக்கவேண்டும், இப்போதைக்கு உடன்படவில்லை என்றே வையுங்கள்.

#16 – ஊறுகாய்ப்பானை

தேன் நெல்லியையும் இதோடு பேசிவிடலாமா? பச்சை நெல்லிக்காயைக் கீறி, தேனை ஊற்றி மூடிவைத்தால் ஒரு வாரத்தில் பொங்கி வழிகிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பூண்டுத் தேனும் இப்போது வீடியோவில் ஓடுகிறது.

#17 – நீர்ச்செயல்

அக்கா, நெல்லிக்காயில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ காய், ஒரு கிலோ தேன் என்றால், காயிலிருந்து பாதி நீர் வெளியே வந்தாலே தேனின் ஈரம் 40-ஐத் தாண்டும். அது ஈஸ்ட்டுக்கு விருந்து. நெல்லி நல்ல புளிப்பு என்பதால் பொட்டுலினம் அதில் தலைகாட்டாது. பூண்டு அப்படி இல்லை, அதில் புளிப்பே கிடையாது. பல்லுக்குள் சர்க்கரை ஊறிச் சேரவும் நாளாகும். அதைச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்பவர்கள் கொஞ்சமாகப் போட்டு, முதல் நாளிலிருந்தே ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்தில் தீர்க்கட்டும். அலமாரியில் மாதக்கணக்கில் வைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

#18 – ஊறுகாய்ப்பானை

நெல்லிக்குச் சரியான முறையை நான் சொல்கிறேன். காயை ஆவியில் 6-8 நிமிடம், கோடு விரியத் தொடங்கும்வரை. முள்கரண்டியால் சுற்றிலும் கொட்டை தட்டும் ஆழத்துக்குக் குத்தணும். நிழலில் துணியில் பரப்பி மேலீரம் போகட்டும். முதல் நாள் 40 பிரிக்ஸ் (அதாவது நூற்றுக்கு 40 பங்கு சர்க்கரை) பாகு. மறுநாள் காயை எடுத்துவிட்டு பாகை மட்டும் கொதிக்கவைத்து 50-க்கு ஏற்றி மறுபடி போடணும். இப்படியே தினம் 10 ஏற்றி 70 வரை. எடுத்தவுடனே 70-ல் போட்டால் காய் சுருங்கி ரப்பர் பந்தாகிவிடும், உள்ளே சர்க்கரையும் ஏறாது. 70-ல் நாலு நாள் நின்ற பிறகு வடித்து, ஒருநாள் உலர்த்தி, அப்புறம்தான் தேன். தேனில் போட்டு ஒரு வாரம் கழித்து அந்தத் தேனை அளந்து பாருங்கள். ஈரம் 20-க்கு மேல் இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளவும்.

#19 – தீக்குச்சி

கொசுத்தேன் (கொடுக்கில்லாத சின்னத் தேனீயின் தேன்) பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் மருந்துக்குச் சிறந்தது என்பார்கள். காட்டுத்தேன் குடித்து மயக்கம் வந்ததாகவும் கேள்விப்படுகிறோம்.

#20 – அடுக்குத்தேன்

கொசுத்தேன் சுபாவமே தண்ணி, லேசாப் புளிப்பு. ஈரம் 25லேர்ந்து 35 வரை நிக்கும். எடுத்த அன்னைக்கே ஃபிரிட்ஜ். புளிப்பு இருக்கேன்னு கெட்டுப்போச்சுன்னு நினைக்காதே, நுரையும் சாராய வாடையும் வந்தாத்தான் கெட்டது. 'மருந்துத் தேன்'னு கைக்குழந்தைக்கு இதைத்தான் முதல்ல தேடுறாங்க. மேடம் சொன்ன விதி இதுக்கும் உண்டு.

#21 – நீர்ச்செயல்

மயக்கத் தேன் வேறு கதை, நுண்ணுயிர் இல்லை, பூவின் நஞ்சு. துருக்கியின் கருங்கடல் கரையிலும் நேபாள மலைகளிலும் சில ரோடோடென்ட்ரான் பூக்களிலிருந்து கிரயனோடாக்சின் தேனுக்குள் வரும். தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு, நாடித்துடிப்பு குறைவு. ஒரு கரண்டி அளவிலேயே வரலாம், ஆஸ்பத்திரியில் அட்ரோபின் கொடுப்பார்கள். நியூசிலாந்தில் 2008-ல் டூட்டு செடியின் நஞ்சு கலந்த அடைத்தேன் சாப்பிட்டு 22 பேர் பாதிக்கப்பட்டார்கள். அங்கே இப்போது அந்த நஞ்சுக்குச் சட்ட வரம்பே இருக்கிறது. நேபாள 'மேட் ஹனி'யை ஆன்லைனில் வாங்கி வீரம் காட்டுபவர்கள், குறிப்பாக இதய மாத்திரை சாப்பிடுபவர்கள், அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

#22 – குழித்துறைப்பெட்டி

காலை 6 மணிக்கு, அறை 27 டிகிரியில், டின்னைக் கிளறி அளந்தேன். 22.8. கோடு தெளிவாக விழுந்தது. புளித்த மூன்று பாட்டிலை என்ன செய்வது? சூடாக்கி டின்னோடு கலந்துவிடலாமா, இல்லை பெட்டிக்கே தீனியாக வைத்துவிடவா?

#23 – அடுக்குத்தேன்

ரெண்டும் செய்யாதே. கலந்தா டின்னும் போகும். சூடாக்கினா நுரை நிக்கும், புளிப்பு போகாது, புளிச்ச தேனைத் தேன்னு விக்க விதியும் இல்ல. பெட்டிக்கு வச்சா தேனீ கழியும். வேற யாரோட தேனா இருந்தா நோயும் சேர்ந்து வரும். 91-92ல தாய் சாக்புரூட்ன்னு தேனீப் புழுவைக் கொல்ற வைரஸ் நோய் வந்து அடுக்குத் தேனீப் பெட்டி காலியான பாடு தென்மாவட்டத்துல யாருக்கும் மறக்காது.

பாட்டில் மூடியைக் கால்திருகு தளர்த்தி வை, இறுக்கி வச்சா கண்ணாடி தெறிக்கும். பெரியவங்க ருசி பார்த்தா ஒண்ணும் ஆகாது, ஆனா விக்காதே. வினிகர் போடத் தெரிஞ்சவங்ககிட்ட கொடு.

டின்னை இந்த வாரமே 63க்குச் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொல்லு, அப்புறம் ஈரம் இறக்கக் கொடு. 18.5ன்னு கேட்டு வாங்கு, 20ன்னு விட்டா மழைக்காலத்துல மறுபடி இதே கேள்வியோட வருவே. டின் நாகமுலாம் பூசினதா இருந்தா உடனே மாத்து, தேன் புளிப்பு துத்தநாகத்தைக் கரைச்சு இழுக்கும். எவர்சில்வர் இல்லேன்னா உணவுத்தர பிளாஸ்டிக்.

#24 – குழந்தைப்பிரிவு

லேபிள் அடிக்கும்போது விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் 'ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது' என்று போடுங்கள் தம்பி. சேனைக்கென்று கேட்டு வருபவர்களிடம் லேபிளைக் காட்டிவிட்டு, வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். வாங்குவது பெரும்பாலும் தாத்தா பாட்டிதான், பொடி எழுத்து அவர்களுக்குத் தெரியாது.

#25 – குழித்துறைப்பெட்டி

சரிங்க மேடம், லேபிள் அப்படியே போடுகிறேன். டின்னில் காந்தம் ஒட்டுகிறது, உள்பக்கம் சாம்பல் பூத்திருக்கிறது. இன்றைக்கே மாற்றிவிடுகிறேன்.